பெட்டி மேல் உங்கள் பெயர், அடமானத்தில் அப்பா வீடு

கடிதம்

பெருங்குடியிலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 43 வயது. கல்லூரி நண்பருடன் சேர்ந்து 9 வருடமாக மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார். பிரைவேட் லிமிடெட், 26 பேர் வேலை செய்கிறார்கள். தமிழில் பேசினால் புரிந்துகொண்டு பதில் சொல்லும் மென்பொருளை மற்ற நிறுவனங்களுக்கு எழுதித் தருவதுதான் தொழில். கடன் இல்லை, சம்பளம் தவறியதில்லை. இப்போது சொந்தப் பெயரில் ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர ஆசை: வயதானவர்களுக்காகத் தமிழில் பேசும் ஒரு ஸ்பீக்கர். மாத்திரை நேரத்தை நினைவூட்டும், கேட்டால் பக்திப் பாடல் போடும், வெளிநாட்டுப் பிள்ளைக்குப் போன் போட்டுக் கொடுக்கும். சாம்பிள் ஒன்றை அம்மா வீட்டுப் பூஜை அலமாரிக்குக் கீழே வைத்திருக்கிறார். முதல் நாள் அம்மா அதோடு அரை மணி நேரம் பேசினாராம்.

சீனாவின் ஷென்ஜெனில் ஒரு தொழிற்சாலை இவர் பெயரை அச்சிட்டுப் பெட்டியைச் செய்துதரத் தயார். குறைந்தது 5,000 எடுக்க வேண்டும். சரக்குக் கட்டணம், சுங்க வரி எல்லாம் சேர்த்து இங்கே வந்து சேர ஒன்றுக்கு 1,800 ரூபாய், ஆக 90 லட்சம். விற்பனை விலை 3,499. "ஒரு பெட்டிக்கு 1,699 லாபம், மொத்தம் 85 லட்சம்" என்று கணக்குப் போட்டிருக்கிறார். வங்கி 1 கோடி தரச் சம்மதித்திருக்கிறது. அதற்கு நங்கநல்லூர் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து எம்ஓடி என்ற அடமானம் போட வேண்டும். அவர், மனைவி, அம்மா மூவரும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். வீடு 1991-ல் அப்பா வாங்கியது. அப்பா 2019-ல் உயில் எழுதாமல் காலமானார். 71 வயது அம்மா அங்கேதான் இருக்கிறார். கோவையில் அக்கா. "அக்காவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று இருக்கிறேன், வீணாகப் பயப்படுவாள்."

நண்பர் வேண்டாம் என்கிறார். இவர் வாதம் இது: "பெரிய டெக் கம்பெனிகள் எல்லாம் கடைசியில் கருவி விற்கத்தானே வந்தன? எங்களுடையது பிரைவேட் லிமிடெட், நஷ்டம் வந்தால் கம்பெனியோடு போய்விடும். பொருளில் கோளாறு என்றால் தொழிற்சாலையின் பொறுப்பு. ஒரு கடைக்காரர் 1,000 பெட்டி எடுத்துக்கொள்வதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருப்பதால் 45 நாளில் பணம் வந்துவிடும். சட்டப்படி எனக்கு இதில் என்ன ஆபத்து? தொழிற்சாலைக்கு 15 நாளில் முன்பணம் அனுப்ப வேண்டும்."

பதில்

உங்கள் ஆசையில் தப்பில்லை. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பாட்டி வாயால் சொல்லிப் போன் போட முடிகிறது என்றால் அது நல்ல பொருள்தான். ஆனால் உங்கள் வாதத்தில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னத் தப்புதான். எல்லாம் ஒரே வீட்டின் மேல் வந்து உட்காருவதுதான் கவலை.

பெரிய கம்பெனிகளிலிருந்து தொடங்குகிறேன். வந்தன, உண்மை. அமேசான் 2014 ஜூலையில் ஃபயர் போனைச் சந்தைக்கு விட்டது. இரண்டே மாதத்தில், தொலைபேசி நிறுவன ஒப்பந்தத்தோடு 99 சென்ட்டுக்கு இறக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் 17 கோடி டாலரை நஷ்டமாகக் கணக்கில் எழுதியது. விற்காமல் கிடந்த சரக்கின் மதிப்பு மட்டும் 8.3 கோடி டாலர். அடுத்த ஆண்டே போன் நின்றுபோனது. இணையக் கடையையே சொந்தமாக வைத்திருப்பவருக்கே இந்தக் கதி.

மைக்ரோசாஃப்ட் கதை நமக்கு இன்னும் பக்கம். நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்குவதாக 2013 செப்டம்பரில் அறிவித்தது. 2014 ஏப்ரலில் கைமாறியபோது, வரி வழக்கின் காரணமாக நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தப் பேரத்தில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ம் தேதி அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. அடுத்த ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதி, 7,800 பேரை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தது. அந்த ஆலையில் வேலை பார்த்த பிள்ளைகள் சிலர் அப்போது என் வக்கீல் அலுவலகப் படியேறி வந்திருக்கிறார்கள். நஷ்டம் மைக்ரோசாஃப்டின் தலைமையகமான ரெட்மண்டில் எழுதப்பட்டது. வேலை போனது இங்கே.

இதே மைக்ரோசாஃப்ட் விளையாட்டுக் கருவியில் ஜெயித்தது என்பீர்கள். ஜெயித்தது. ஆனால் எக்ஸ்பாக்ஸ் 360 சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போகும் கோளாறுக்காக, 2007-ல் வாரண்டியை 3 வருடமாக நீட்டி, அதற்கு மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அவர்களுக்கு மென்பொருள் பணம் பின்னால் நின்றது. உங்களுக்குப் பின்னால் நிற்பது நங்கநல்லூரில் ஒரு வீடு.

மென்பொருளில் பிழை இருந்தால் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்து, காலையில் அப்டேட் அனுப்பிவிடுவீர்கள். வீங்கிப்போன பேட்டரிக்கு அப்டேட் அனுப்ப முடியாது. யாராவது திருநெல்வேலிக்குப் போய் அந்தப் பெட்டியைத் திரும்ப வாங்கி வர வேண்டும். விற்ற ஒவ்வொரு பெட்டியும் சில வருடங்களுக்கு உங்கள் தலையில் இருக்கும் ஒரு கடமை. உங்கள் கணக்கில் அந்தக் கடமைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

85 லட்சம் எங்கே போகிறது

கணக்கை நான் திருப்பிப் போடுகிறேன், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 3,499 என்பது வரி உட்பட்ட விலை. 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் 2,965. விநியோகஸ்தரும் கடைக்காரரும் சேர்ந்து 30 சதவீதம் கேட்பார்கள் என்று வைப்போம். புதுப் பெயருக்கு அதற்குக் குறைந்து யாரும் அலமாரியில் இடம் தரமாட்டார்கள். மிச்சம் சுமார் 2,075. அதில் பெட்டியின் அடக்கவிலை 1,800 போனால் 275 ரூபாய். நூற்றுக்கு 5 பெட்டி கோளாறாகித் திரும்பி வந்து புதிது கொடுத்தால், அந்தச் செலவு பெட்டிக்கு 90 ரூபாய். இப்போது 185.

இந்த 185-ல் விளம்பரம், கூரியர், போன் எடுத்துப் பதில் சொல்லும் ஆள் எல்லாம் அடங்க வேண்டும். அப்புறம் சர்வர். உங்கள் பெட்டி தானாக யோசிப்பதில்லை, பேசுவதை எல்லாம் உங்கள் சர்வருக்கு அனுப்புகிறது. ஒரு பெட்டிக்கு மாதம் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 3 வருடத்துக்கு 360. இந்த ஒன்றிலேயே பெட்டி நஷ்டத்துக்குப் போய்விட்டது. என் எண்களை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், ஆனால் எல்லா வரியையும் போடுங்கள்.

சரிகம நிறுவனம் 2017-ல் பழைய பாட்டுகளை ஏற்றிய கார்வான் ஸ்பீக்கரைக் கொண்டுவந்ததை நீங்களே உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். நல்ல உதாரணம், ஆனால் உங்களுக்கு எதிரான உதாரணம். அதில் ஏற்றிய 5,000 பாட்டும் அவர்களுடைய சொத்து. கேட்க இணையம் வேண்டாம். விற்ற பிறகு அந்தப் பாட்டுக்காக மாதாமாதம் சர்வர் செலவு இல்லை. நீங்களோ "பக்திப் பாடல்கள் பழசு, உரிமை யாருக்கும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டின் வரிகள் நூற்றாண்டு பழசாக இருக்கலாம். அதை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 வருடம் தனிக் காப்புரிமை உண்டு. 1980-களில் கேசட்டில் வந்தது எல்லாம் இன்னும் யாரோ ஒருவருடைய சொத்து. உரிமம் வாங்காமல் ஏற்றாதீர்கள்.

கடைக்காரர் சொன்ன 1,000 பெட்டிக்கு வருகிறேன். சென்னை ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கல்லாவுக்குக் கீழே குனிந்து பாருங்கள், ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். மேலே மார்க்கரில் "ரிட்டர்ன்" என்று எழுதி, உள்ளே வயர் சுற்றிய ஸ்பீக்கரும் சார்ஜரும் தூசியோடு கிடக்கும். முக்கால்வாசி, கம்பெனி ஆள் போன் எடுக்காத பெயர்கள். அதனால்தான் கடைக்காரர் முதலில் விலை கேட்கமாட்டார், "ரிட்டர்ன் எடுப்பீங்களா?" என்று கேட்பார். எடுப்பேன் என்றால், விற்காத சரக்கு உங்களுடையதுதான். அவர் எடுத்துக்கொள்வது உங்கள் பெட்டிக்கு ஒரு அலமாரி இடம், அவ்வளவுதான். எழுத்தில் பர்ச்சேஸ் ஆர்டர் வராதவரை அந்த 1,000-ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சிறு தொழிலிடம் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற விதி பலரும் தவறாக நினைப்பது. உங்கள் உத்யம் பதிவு மென்பொருள் சேவைக்கு. வெளியே செய்ததை இறக்குமதி செய்து விற்பது வணிகம். வணிகர்களுக்கு 2021-ல் உத்யம் பதிவைத் திறந்துவிட்டார்கள், ஆனால் அதன் பலன் முன்னுரிமைக் கடன் வரைக்கும்தான். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவர்களுக்குத் தரப்படவில்லை.

பெயர் போட்டவர்தான் தயாரிப்பாளர்

"கோளாறு என்றால் தொழிற்சாலையின் பொறுப்பு" என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்திய வரி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருள் தயாரிப்பாளர் என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? செய்தவரை மட்டும் அல்ல; இன்னொருவர் செய்த பொருளில் தன் அடையாளத்தைப் பதிப்பவரையும் சேர்த்துத்தான். ஷென்ஜென் தொழிற்சாலை எங்கோ இருக்கிறது. பெட்டியில் இருப்பது உங்கள் பெயர், பெருங்குடி முகவரி. பொட்டல விதிகளின்படி இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், புகார் சொல்ல வேண்டிய இடமும் அச்சிட்டே ஆக வேண்டும். பேட்டரி வெடித்து ஒரு வீட்டுத் திரைச்சீலை எரிந்தால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

எங்கே வழக்குப் போடுவார்கள் என்பதும் முக்கியம். வாங்கியவர் தான் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. நாகர்கோவிலில் ஒரு வழக்கு, தருமபுரியில் ஒரு வழக்கு என்றால் 3,499 ரூபாய் பெட்டிக்காக நீங்கள் வக்கீல் வைத்து ஓட வேண்டும்.

இன்னொன்று. பெட்டியில் "மாத்திரையை மறக்கவே விடாது" என்று அச்சிடப் போவதாக வாசகத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது உங்களுக்கு விளம்பரம். சட்டத்தின் கண்ணில் அது வெளிப்படையான உத்தரவாதம். பொருள் அதன்படி நடக்காமல் பாதிப்பு வந்தால், அந்த வாக்குறுதியைக் கொடுத்ததில் கவனக்குறைவோ மோசடியோ இல்லை என்று நீங்கள் நிரூபித்தாலும் பொறுப்பு போகாது. 84-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சர்க்கரை நோயாளியான ஒரு தாத்தா, வைஃபை போன நாளில் மாத்திரையைத் தவறவிட்டார் என்று வையுங்கள். அந்த மூன்று சொற்கள் உங்களைக் கூண்டில் நிறுத்தும். "நினைவூட்ட உதவும், மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல, இணையம் தேவை" என்று அடக்கமாக எழுதுங்கள். விற்பனைக்கு ருசிக்காது, பரவாயில்லை.

வயதானவர்களின் குரலையும் மருந்து விவரத்தையும் சேமிப்பதால், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ம் உங்களுக்குப் பொருந்தும். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. பாதுகாப்பில் ஓட்டை விட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி. மென்பொருள்காரர் நீங்கள், இதை என்னைவிட நன்றாகச் செய்வீர்கள் என்பதால் நீட்டவில்லை.

சர்வரை ஒருநாள் நிறுத்த வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் இப்போதே யோசியுங்கள். அமெரிக்காவில் ஹ்யூமேன் என்ற நிறுவனம் 2024-ல் சட்டையில் குத்திக்கொள்ளும் ஏஐ பின்னை 699 டாலருக்கும், அதோடு மாதச் சந்தாவுக்கும் விற்றது. 2025 பிப்ரவரியில் சொத்துகளை ஹெச்பிக்கு விற்றுவிட்டு, அந்த மாதம் 28-ம் தேதியோடு சர்வரை நிறுத்தியது. வாங்கியவர்கள் கையில் பேசாத பொம்மை மிஞ்சியது. அங்கே வாங்கியவர்கள் ஆர்வக்கோளாறு இளைஞர்கள். உங்களிடம் வாங்கப் போவது, மாத்திரைக்கு அதை நம்பியிருக்கும் 75 வயதுக்காரர்.

கப்பலுக்கு முன்னால் காகிதம்

ப்ளூடூத் ஸ்பீக்கரும் ஸ்மார்ட் ஸ்பீக்கரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் 2020-ல் அறிவிக்கப்பட்டுவிட்டன. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரிக்குத் தனிப் பதிவு, கூட வரும் அடாப்டருக்குத் தனிப் பதிவு. பதிவு உங்கள் பெயரில் இருக்காது, தொழிற்சாலையின் பெயரில் இருக்கும். அதில் உங்கள் பிராண்டு சேர்க்கப்பட வேண்டும். நாளை வேறு தொழிற்சாலைக்கு மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வைஃபை இருப்பதால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் ஈடிஏ என்ற கருவி ஒப்புதல் வாங்க வேண்டும். மின்னணுக் கழிவு விதிகளின்படி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உற்பத்தியாளராகப் பதிய வேண்டும். பேட்டரிக்கு அதற்கான விதி தனி. "எல்லா சர்டிபிகேட்டும் இருக்கிறது" என்று தொழிற்சாலை அனுப்பிய பிடிஎஃப்பை இணைத்திருந்தீர்கள். பார்த்தேன். அது ஐரோப்பாவுக்கானது.

சில வருடத்துக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவர் இதே போல ஸ்பீக்கர் இறக்கினார். ஸ்பீக்கருக்குப் பதிவு சரியாக இருந்தது. கப்பல் ஏறும் கடைசி வாரத்தில், தொழிற்சாலை சில்லறை மிச்சம் பிடிக்க அடாப்டரை மட்டும் வேறு இடத்தில் வாங்கிப் போட்டுவிட்டது. மாதவரம் பக்கம் ஒரு சிஎஃப்எஸ்ஸில், அதாவது சுங்கச் சோதனை நடக்கும் சரக்குக் கிடங்கில், கன்டெய்னரைத் திறந்தபோது, அடாப்டர் ஸ்டிக்கரில் "ஆர்" என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இல்லை. அந்த அடாப்டரை உள்ளங்கையில் வைத்து அவர் எனக்குப் போட்டோ அனுப்பினார், கீழே ஒரு வரி: "மேடம், இதுக்காகவா?" இதற்காகத்தான். பதிவில்லாத பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பயன்படாதபடி உடைத்துக் கழிவாகப் போடுவார்கள். புது அடாப்டர் வந்து சேர்வதற்குள் தீபாவளி போய்விட்டது. கிடங்கு வாடகை தினமும் ஏறியது. தீபாவளி போன ஸ்பீக்கரை யார் எடுப்பார்கள்?

எப்படியோ உள்ளே வந்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2025 மார்ச்சில் பிஐஎஸ் சென்னைக் கிளை அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் பெரிய ஆன்லைன் விற்பனைக் கிடங்குகளிலேயே சோதனை போட்டு, முத்திரை இல்லாத பொருள்களை எடுத்துப் போனார்கள். தரமணி சிஐடி வளாகத்தில்தான் பிஐஎஸ் அலுவலகம் இருக்கிறது. உங்கள் ஆபீஸிலிருந்து பக்கம்தான், முன்பணம் அனுப்பும் முன் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒப்பந்தத்தில் "தகராறு வந்தால் சென்னை நீதிமன்றம்" என்று போட்டுக்கொண்டதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். சென்னைத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஷென்ஜெனில் ஒன்றும் வசூலிக்க முடியாது. தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றும் ஏற்பாடு இரு நாட்டுக்கும் இடையே இல்லை. நடுவர் மன்றத் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பு என்றால் நியூயார்க் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஏற்பாட்டின் கீழ் அங்கே நிறைவேற்றக் கேட்கலாம். சிங்கப்பூரில் நடுவர் மன்றம் என்று மாற்றுங்கள். கப்பல் ஏறும் முன் உங்கள் ஆள் சரக்கைச் சோதித்த பிறகே மீதிப் பணம் என்பதையும், பேட்டரி, அடாப்டர், சிப் எதையும் எழுத்து அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். பெயரை 9-ம் வகுப்பில் டிரேட்மார்க் பதிவுக்கு உடனே போடுங்கள், கிண்டியில்தான் அலுவலகம். சிறு நிறுவனத்துக்கு ஆன்லைனில் கட்டணம் 4,500 ரூபாய். இந்த முழுத் திட்டத்திலும் நான் யோசிக்காமல் செய்யச் சொல்லும் செலவு இது ஒன்றுதான்.

அது அம்மா வீடு இல்லை

கடிதம் முழுக்க "அம்மா வீடு" என்று எழுதுகிறீர்கள். பத்திரம் அப்பா பெயரில், உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சமபங்கு. 2019-ல் அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவுக்குத் தெரியாமல் அடமானம் என்பது நடக்காத காரியம். வங்கி வக்கீல் வாரிசுச் சான்றிதழ் கேட்பார், அதில் அக்கா பெயர் இருக்கும். ஒன்று அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று சொல்லி அதை வாங்காதீர்கள். விடுதலைப் பத்திரம் எழுதிவிட்டால் அந்த வீட்டில் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்படி எழுதி வாங்கிய தம்பிகள் மேல் பத்து வருடம் கழித்துப் போட்ட பாகப்பிரிவினை வழக்குகளை நான் நடத்தியிருக்கிறேன். வழக்கில் யார் ஜெயித்தாலும் பொங்கலுக்குப் போக்குவரத்து நின்றுவிடும்.

"கம்பெனியோடு போய்விடும்" என்பது ஜாமீன் போடாதவர் சொல்லும் பேச்சு. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்று 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய் முடிந்தாலும், தனி ஜாமீன்தாரரைத் தொடரலாம் என்று 2021 மேயில் உச்ச நீதிமன்றம் லலித் குமார் ஜெயின் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. வீட்டைப் பொறுத்தவரை சர்ஃபாசி சட்டம், 2002 போதும்: 60 நாள் நோட்டீஸ், அதன் பிறகு வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டை எடுத்து ஏலம் விடலாம். 71 வயதில் அம்மா வாசலில் அந்த நோட்டீஸை ஒட்டுவார்கள்.

மனைவியும் ஜாமீன் போட்டால் அவர் சம்பளம், சேமிப்பு எல்லாம் அதே வலையில். வீட்டில் ஒருவராவது வெளியே நிற்க வேண்டும். வங்கியிடம் சிறு தொழில் கடனுக்கான சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டத்தில், சொத்து அடமானம் இல்லாமல் கேளுங்கள். 2025 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி. மேனேஜர் ஆர்வம் காட்டமாட்டார், வீடு கையில் இருக்கும்போது அவருக்கு எதற்கு அந்தத் தலைவலி? எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடமானம் இல்லாமல் ஒரு வங்கியும் தர முன்வரவில்லை என்றால், அதையும் இந்தத் திட்டத்தைப் பற்றிய ஒரு கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் விட்டுவிடுவதா

விட வேண்டாம். உங்களிடம் இருக்கும் அரிதான சரக்கு தமிழ்ப் பேச்சு மென்பொருள். பெட்டி செய்யப் பலர் இருக்கிறார்கள், ஏற்கெனவே ஸ்பீக்கரும் டிவியும் விற்கும் இந்திய நிறுவனங்களும் இருக்கின்றன. அவர்கள் பெட்டிக்குள் உங்கள் குரல் போகட்டும், பெட்டிக்கு இவ்வளவு என்று உரிமத் தொகை வரட்டும். லாபம் குறைவு, பெயர் வெளியே தெரியாது. ரிட்டர்ன் அட்டைப்பெட்டி அவர்களுடையது. உங்கள் நண்பர் இதைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன், நீங்கள் அதை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். அவரும் இயக்குநர். அவர் ஒப்புதல் இல்லாமல் போர்டு தீர்மானம் எழுதி வங்கிக்குக் கொடுக்க நினைத்தால், அது வேறு வழக்கு.

சொந்தப் பெயர்தான் வேண்டும் என்றால் 5,000-ல் தொடங்காதீர்கள். அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் சிறு அளவில் சர்க்யூட் போர்டு பூட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். 300 பெட்டி செய்தால் ஒன்றுக்கு 1,800-க்குப் பதில் 3,000 ஆகலாம், ஆகட்டும். 9 லட்சம் போனால் உங்கள் கம்பெனி தாங்கும், வீட்டைத் தொட வேண்டியதில்லை. பதிவு விதிகள் 300-க்கும் உண்டு, அதை மறக்க வேண்டாம். முன்பதிவுப் பணம் வாங்கினால் 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிடுங்கள்; தாண்டினால் கம்பெனிச் சட்டத்தில் அது டெபாசிட் ஆகிவிடும்.

15 நாள் கெடுவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். விலை ஏறப்போகிறது, லைன் நிரம்பப்போகிறது என்று எல்லாத் தொழிற்சாலையும் எல்லாரிடமும் சொல்வதுதான். பணம் இருப்பவருக்கு அடுத்த மாதமும் செய்து தருவார்கள். இந்த வாரம் அக்காவுக்குப் போன் செய்யுங்கள், முழுக் கணக்கையும் சொல்லுங்கள்.

கேட்க ஒன்று விட்டுப்போனது. அந்த சாம்பிள் மூன்று மாதமாக நங்கநல்லூரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் அம்மா அரை மணி நேரம் பேசியது தெரிகிறது. இப்போதும் பேசுகிறாரா, இல்லை பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மிக்ஸியைப் போட்டிருக்கிறாரா? அதை எனக்கு எழுதுங்கள்.